உதிரும் ஏடுகளுக்கு ஓர் உபயம்

வாசகர் கேள்வி – பதில்

நொறுங்கிவரும் பழைய எபிரேய நூல்களையும், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழியான இத்திஷில் வந்த நூல்களையும் காப்பாற்றுவதற்கு யூத நூலகங்களும் அமைப்புகளும் நூலுக்கு ஒருவராக உபயதாரர்களைத் தேடுவதைப் பற்றிச் சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தேன். செலவை ஏற்பவர் தம் குடும்பத்தில் மறைந்த ஒருவரின் பெயரை அந்த நூலோடு சேர்க்கச் சொல்லலாம் என்பதையும் அதில் குறிப்பிட்டிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களே இந்த இதழின் பகுதி முழுவதையும் எடுத்துக்கொண்டுவிட்டன.

கேள்வி: கொடுத்தவரின் பெயரை நூலின் முகப்பிலேயே போடுவது சரியா? நூலைக் காப்பது பெயர் தேடிக்கொள்ளும் வேலையாக ஆகிவிடாதா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: பெயர் பொறிப்பதில் தங்களுக்கு உள்ள கூச்சம் எனக்கும் இருந்தது. இந்த நூல்கள் முதன்முதலில் எப்படி அச்சேறின என்று தெரிந்துகொண்ட பிறகு அது போய்விட்டது.

பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து இரண்டாம் உலகப் போர் வரை கிழக்கு ஐரோப்பாவில் எபிரேய நூல் எழுதிய அறிஞர் பலரிடம் அச்சுக்கூலி கொடுக்கப் பணம் இருந்ததில்லை. அவர்கள் கையெழுத்துப் படியையும், புகழ்பெற்ற ரபிகள் (யூத சமய குருமார்) எழுதிக் கொடுத்த சிறப்புரைக் கடிதங்களையும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்று, நூல் வெளிவந்ததும் ஒரு படி வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொள்பவர்களிடம் பெயரும் முன்பணமும் வாங்கி வருவார்கள். உ. வே. சாமிநாதையர் காலத்தில் நம் பதிப்பாசிரியர்கள் ‘கையொப்பம்’ வாங்குவது என்று சொன்னார்களே, ஏறத்தாழ அதே முறைதான். இத்திஷ் மொழியில் இப்படி முன்பணம் தந்தவர்களைப் ‘பிரெனுமெரான்டன்’ என்பார்கள். நூல் அச்சானதும் அவர்களுடைய பெயர்கள் ஊர்வாரியாக, பெரும்பாலும் தந்தையின் பெயரோடு, நூலின் முதல் ஏடுகளிலோ கடைசி ஏடுகளிலோ இடம்பெறும்.

பெர்ல் ககன் என்ற நூலகர் இந்தப் பட்டியல்களைத் தேடித் தொகுத்து 1975இல் நியூயார்க்கில் ஒரு வழிகாட்டி நூலாக வெளியிட்டார். அதன் அட்டவணையில் 8,767 ஊர்கள் இருக்கின்றன. அந்த ஊர்களில் பலவற்றில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு யூதக் குடும்பம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தொழுகைக்கூடமும் ஊர்ப் பதிவேடும் எரிந்துபோன இடங்களில், அங்கே வாழ்ந்த ஒரு சாதாரண மனிதரின் பெயர் எங்கோ அச்சாகியிருக்கிறது என்றால் அது பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒரு பட்டியலில்தான் இருக்கும். முன்னோரைத் தேடும் பேரப்பிள்ளைகள் இன்றும் அந்த ஏடுகளைத்தான் புரட்டுகிறார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பழைய புத்தகத்தில் அட்டை கழன்றவுடன் முதலில் உதிர்வது முதல் சில தாள்களும் கடைசிச் சில தாள்களும்தான். நூலின் சாரம் இன்னொரு படியில் கிடைத்துவிடக்கூடும். பெயர்கள் இருந்த தாள்களோ அந்தப் படியிலும் உதிர்ந்துபோயிருக்கும். அன்று நூலை அச்சேற்றக் காசு கொடுத்தவரின் பெயரைக் காப்பதற்காக இன்று ஒருவர் காசு கொடுக்கும்போது, அவருடைய பெயரும் அதே வரிசையில் ஒன்றாகச் சேர்கிறது. அர்ப்பணிப்பு வாசகத்தில் வழக்கமாகக் காணப்படும் எபிரேயத் தொடருக்கு ‘ஆன்மாவின் உயர்வுக்காக’ என்று பொருள். உயிரோடு இருப்பவர் தம் பெயருக்கு எழுதிக்கொள்வதன்று அது. இறந்தவரின் பெயரால் ஒரு நூல் தொடர்ந்து படிக்கப்பட வேண்டும் என்பதற்காக எழுதப்படுவது. எனக்குள்ள ஒரே நிபந்தனை, அந்த வாசகம் தனித்தாளில் இருக்க வேண்டும், மூலத்தின் மேல் முத்திரையாக விழக் கூடாது என்பதுதான்.

கேள்வி: நானூறு, ஐந்நூறு ஆண்டுப் பழமையான புத்தகங்கள் நன்றாக இருக்கும்போது நூறாண்டுப் புத்தகங்கள் ஏன் அப்பளம் போல நொறுங்குகின்றன? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: வேறுபாடு தாளில் இருக்கிறது. டேனியல் பொம்பெர்க் என்ற அச்சகர் வெனிஸ் நகரில் 1520க்கும் 1523க்கும் இடையில், யூத சமயச் சட்டங்களும் விவாதங்களும் அடங்கிய பெருந்தொகுப்பான தல்மூது முழுவதையும் முதன்முறையாக அச்சிட்டு முடித்தார். அதன் தாள் பழந்துணிக் கந்தலை ஊறவைத்து இடித்த கூழிலிருந்து செய்யப்பட்டது. துணியின் நார் நீளமானது, வலுவானது. எஞ்சியிருக்கும் படிகளின் ஏடுகளை இன்றும் புரட்டலாம்.

இதைவிடப் பழைய சான்று நம் பக்கத்துக் கடற்கரையோடு தொடர்புடையது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மங்களூரில் தங்கி வணிகம் செய்த ஆபிரகாம் பென் யிஜூ என்ற யூத வணிகருக்கு ஏடன் துறைமுகத்திலிருந்து நண்பர்கள் எழுதிய கடிதங்கள் கெய்ரோவில் கிடைத்திருக்கின்றன. மிளகும் பாக்கும் ஏற்றுமதி செய்தவருக்கு அவர்கள் சர்க்கரை, உலர்திராட்சை ஆகியவற்றோடு எழுதுவதற்கு எகிப்தியத் தாளும் அனுப்பிவைத்ததைக் கடிதங்களே சொல்கின்றன. ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தத் தாள்களில் உள்ள எழுத்தைப் படிக்க முடிகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் படிப்பவர்கள் பெருகினார்கள், கந்தல் துணி போதவில்லை. மரக்கூழுக்கு மாறினார்கள். அதோடு, மை ஊறிப் பரவாமல் இருக்கத் தாளில் படிகாரமும் குங்கிலியம் போன்ற பிசினும் சேர்க்கும் முறை 1807இல் ஜெர்மானியரான இல்லிக் என்பவரால் வெளியிடப்பட்டுப் பின்னர் எங்கும் பரவியது. படிகாரம் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து தாளுக்குள்ளேயே அமிலத்தை உண்டாக்குகிறது, அந்த அமிலம் நார்களைச் சிறுகச் சிறுகத் துண்டாக்குகிறது. மரத்திலிருந்து நீக்கப்படாத லிக்னின் என்ற பொருள் வெளிச்சம் பட்டுத் தாளைப் பழுப்பாக்குகிறது. நூலகர்கள் ஒரு மூலையை முன்னும் பின்னுமாக மடித்துப் பார்ப்பார்கள். இரண்டு மூன்று மடிப்பிலேயே மூலை கையோடு வந்துவிட்டால் அந்த நூலைப் பொதுப் பயன்பாட்டிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான். வார்சாவிலும் வில்னாவிலும் (இன்றைய லிதுவேனியாவின் வில்னியஸ்) நியூயார்க்கிலும் இருந்த யூத அச்சகங்கள் ஏழை வாசகர்களுக்காக மலிவான பதிப்புகளை ஏராளமாக வெளியிட்டன, தாளும் மலிவானதாகவே இருந்தது. அதனால்தான் மிக அதிகமாக அச்சிடப்பட்ட காலத்து நூல்களே இன்று மிக மோசமான நிலையில் இருக்கின்றன.

கேள்வி: யூதர்கள் பழைய நூல்களை மண்ணில் புதைத்துவிடுவார்கள் என்று படித்திருக்கிறேன். புதைக்கும் வழக்கம் உள்ளவர்கள் ஏன் காப்பாற்றவும் முயல்கிறார்கள்? (மதுரை வாசகர்)

பதில்: இறைவனின் பெயர் எழுதப்பட்ட தாளைக் கிழிப்பதோ எரிப்பதோ குப்பையில் போடுவதோ அவர்களுடைய சமயச் சட்டப்படி தவறு. பயன்படுத்த முடியாத நூல்களைத் தொழுகைக்கூடத்தில் ‘கெனிசா’ எனப்படும் ஓர் அறையில் சேர்த்துவைத்து, பிறகு இடுகாட்டில் அடக்கம் செய்வார்கள். கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் சேர்த்துவைத்தவை மட்டும் பல நூற்றாண்டுகளாக அடக்கம் செய்யப்படாமலே கிடந்தன. சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் அங்கிருந்து ஏறத்தாழ 1,93,000 துண்டுத்தாள்களை 1897இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொண்டுசேர்த்தார். மேலே சொன்ன மங்களூர்க் கடிதங்கள் கிடைத்ததும் அந்த அறையிலிருந்துதான்.

புதைப்பது அவமதிப்பன்று, மரியாதை. ஆனாலும் ஓர் ஆபத்து இருக்கிறது. ஒரு நூலின் கடைசிப் படி எது என்பது புதைப்பவருக்குத் தெரியாது. சிறிய ஊர் ஒன்றின் தொழுகைக்கூடத்தை மூடும்போது அலமாரியைக் காலி செய்பவர் நல்ல எண்ணத்தோடு எல்லாவற்றையும் ஒரே குழியில் இடுகிறார். அதில் உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு சிறு நூல் இருந்திருந்தால் அதுவும் போய்விடும். புதைப்பதற்கு முன் விவரம் அறிந்த ஒருவர் ஒருமுறை பார்த்துப் பிரித்துவைத்தால் போதும், வழக்கமும் கெடாது, நூலும் தப்பும்.

கேள்வி: இதையெல்லாம் அரசாங்கங்கள் செய்ய வேண்டாமா? தனி மனிதர்கள் ஏன் இறங்கினார்கள்? (சென்னை வாசகர்)

பதில்: இத்திஷ் மொழிக்கென்று ஒரு நாடு எப்போதும் இருந்ததில்லை. ஜெர்மன் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த, எபிரேய எழுத்தில் எழுதப்படும் அந்த மொழியை இரண்டாம் உலகப் போருக்கு முன்பு ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பேசினார்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் நாஜிகளால் கொல்லப்பட்டார்கள். சோவியத் ஒன்றியத்தில் அந்த மொழியின் பதிப்பகங்களும் நிறுவனங்களும் 1940களின் இறுதியில் மூடப்பட்டன. அமெரிக்காவில் யாரும் தடைசெய்யவில்லை; பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டார்கள், தாத்தா இறந்ததும் அவருடைய அலமாரியில் இருப்பதைப் படிக்க வீட்டில் ஆள் இல்லை.

1980இல் ஆரன் லான்ஸ்கி என்ற இளைஞர், மான்ட்ரியலில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தவர், பாடநூலாகவே இத்திஷ் நூல்கள் கிடைக்காத நிலையைப் பார்த்துவிட்டுப் பழைய நூல்களைத் திரட்டக் கிளம்பினார். உலகில் மீட்கக்கூடிய இத்திஷ் நூல்கள் 70,000 இருக்கலாம் என்று அப்போது வல்லுநர்கள் அவரிடம் சொன்னார்கள். அவர் தொடங்கிய, இன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆம்ஹர்ஸ்ட் நகரில் இருக்கும் இத்திஷ் புத்தக மையம் அதன்பின் திரட்டியவை பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டன. குப்பைத்தொட்டியில் கொட்டிக் கிடந்தவற்றை நியூயார்க்கின் நள்ளிரவு மழையில் வாடகை லாரியில் ஏற்றியதும் அதில் உண்டு. ஆனால் என் மனத்தில் நிற்பது வேறொரு காட்சி. புத்தகம் கொடுக்க அழைத்த முதியவர்கள் அவரை உடனே அனுப்பிவிடவில்லை. உட்காரவைத்துத் தேநீரும் பலகாரமும் கொடுத்து, ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, இதை எங்கே வாங்கினோம், யார் படித்தோம் என்று சொல்லிச் சொல்லி ஒப்படைத்தார்கள். சொத்தைப் பிள்ளைகளுக்கு எழுதிவைப்பது போல அது நடந்திருக்கிறது.

அந்த மையத்தின் மின்படிகளில் ஒன்றைத் திறந்தால் முன்பக்கத்தில் பெரிய அறக்கட்டளைகளின் பெயர்கள் வரிசையாக வரும். வரிசையின் முடிவில், மையத்தின் உறுப்பினர்களும் நண்பர்களும் என்று இருக்கும். ஆண்டுச் சந்தா அனுப்பிய எண்ணற்றவர்கள் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களை இன்று யாரும் கட்டணமின்றிப் படிக்க முடிகிறது.

அரசு அமைப்புகளுக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வில்னாவில் இருந்த, இத்திஷ் மொழியையும் யூதர் வாழ்வையும் ஆராய்ந்த யிவோ நிறுவனத்தின் ஏடுகளில் ஒரு பகுதியை, நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோ பகுதியில் இருந்த கவிஞர்களும் அறிஞர்களும் உடைக்குள் ஒளித்துக் கடத்திக் காப்பாற்றினார்கள். போருக்குப் பின் சோவியத் ஆட்சி அவற்றை அழிக்க முற்பட்டபோது, ஆன்டனாஸ் உல்பிஸ் என்ற லிதுவேனிய நூலகர், யூதர் அல்லாதவர், ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் பல ஆண்டுகள் மறைத்துவைத்தார். அவற்றையும் போருக்குப் பின் நியூயார்க்குக்குப் போய்ச் சேர்ந்த பகுதியையும் மின்வடிவில் ஒன்றுசேர்க்கும் பணி 2015இல் தொடங்கி 2022இல் முடிந்தது. லிதுவேனியாவின் அரசு ஆவணக்காப்பகமும் தேசிய நூலகமும் கைகோத்த அந்தப் பணியில் 40 லட்சத்துக்கும் அதிகமான பக்கங்கள் பதிவாயின. செலவு 70 லட்சம் டாலர். இவ்வளவு பெரிய பணிக்கு நிறுவனங்கள் வேண்டும். தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும் சிறு நூல்களைக் கண்டெடுக்கவோ, அவற்றின் மேல் அக்கறை உள்ள தனி மனிதர்தான் வேண்டும்.

கேள்வி: ஒரு நூலுக்கு நான் பணம் அனுப்பினால் அந்தப் பணம் என்ன ஆகிறது? (புதுச்சேரி வாசகர்)

பதில்: படம் எடுப்பதற்குத்தான் செலவு என்று பலர் நினைக்கிறார்கள். நூல் எது என்று கண்டுபிடிப்பதற்கே பாதி உழைப்பு போய்விடும். முகப்பு ஏடு கிழிந்த எபிரேய நூல் ஒன்று கைக்கு வந்தால், அதன் உள்ளடக்கத்தையும் எழுத்துருவையும் பார்த்து ஆசிரியர், ஊர், ஆண்டு ஆகியவற்றைச் சொல்லக்கூடியவர் ஒருவர் உட்கார வேண்டும். இல்லாத பக்கங்களுக்கு வேறு நூலகத்தில் இன்னொரு படியைத் தேட வேண்டும். ஒரு படியில் முதல் ஏடு இல்லாமல், இன்னொரு படியில் நடுப்பகுதியைப் பூச்சி அரித்திருந்து, இரண்டையும் சேர்த்து ஒரு முழு நூல் உருவாவது இந்தத் துறையில் சாதாரணம்.

பிறகுதான் படப்பிடிப்பு. நொறுங்கும் நூலை முழுவதும் விரித்து அழுத்தினால் முதுகு முறிந்துவிடும். அதனால் பாதி திறந்த நிலையில் சாய்வான தாங்கியில் வைத்து மேலிருந்து படம் எடுப்பார்கள். உடைந்த ஓரங்களுக்கு ஜப்பானிய மெல்லிய தாளைக் கோதுமை மாவுப் பசையால் ஒட்டுவார்கள். அந்தப் பசையைப் பின்னாளில் ஈரப்படுத்தி எடுத்துவிடலாம் என்பதே அதன் சிறப்பு. வீட்டில் பழைய புத்தகம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து செல்லோ டேப் ஒட்டாதீர்கள். அதன் பசை தாளுக்குள் இறங்கிக் கறையாகிவிடும், எடுக்கப் போனால் எழுத்தும் கூடவே வரும். அமில நீக்கம் செய்வதும் உண்டு. அது மேற்கொண்டு கெடுவதைத் தாமதப்படுத்தும். போன வலுவைத் திருப்பித் தராது. கடைசியில் அமிலமற்ற அட்டையில் அளவெடுத்துச் செய்த பெட்டி ஒன்றில் நூல் குளிர்ச்சியான, உலர்ந்த அறைக்குப் போகும்.

மின்படி வந்த பிறகு மூலம் எதற்கு என்று வேறு இரண்டு பேரும் கேட்டிருக்கிறார்கள். படத்தில் தெரியாதவை உண்டு: எழுத்தின் அழுத்தம், பின்னாளில் செருகப்பட்ட தாள், மங்கிப்போன உரிமையாளர் கையெழுத்து. படமெடுத்துவிட்டோம் என்ற துணிவில் மூலத்தைக் கழித்துவிடும் நூலகங்கள் பெரும் தவறு செய்கின்றன என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: பணம் கொடுக்க இயலாதவர்களுக்கு இதில் இடம் உண்டா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: நிச்சயமாக உண்டு. 1966 ஏப்ரல் 18 அன்று நியூயார்க்கின் யூத இறையியல் கல்லூரி நூலகக் கோபுரத்தில் தீப்பிடித்தது. ஏறத்தாழ 70,000 நூல்கள் எரிந்துபோயின, அதைவிட அதிகமானவை தீயணைப்பு நீரில் நனைந்தன. ஈர நூலை அப்படியே விட்டால் சில நாள்களில் பூஞ்சை பிடித்துவிடும். மாணவர்களும் அக்கம்பக்கத்தாரும் திரண்டு வந்து, வரிசையாக உட்கார்ந்து, ஒவ்வோர் ஏட்டுக்கும் இடையே உறிஞ்சும் காகிதத்தைச் செருகினார்கள். நனைந்த காகிதத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பது, மறுபடியும் எடுப்பது, மறுபடியும் வைப்பது என்று அந்த வேலை நாள்கணக்கில் நடந்தது. படிக்கத் தெரியாத எழுத்தில் அச்சான நூலுக்கும் அதைச் செய்யக் கை இருந்தால் போதுமானதாக இருந்தது.

இன்று அந்த வேலை வேறு வடிவில் நடக்கிறது. அழிந்த ஊர்களின் நினைவாக, தப்பிப் பிழைத்தவர்கள் தம் கைப்பணம் போட்டுச் சிறு எண்ணிக்கையில் வெளியிட்ட ‘இஸ்கோர்’ நூல்களை, ஜூயிஷ்ஜென் என்ற அமைப்பு 1994 முதல் மொழிபெயர்த்து வருகிறது. சிலர் ஓர் ஊரின் நூலுக்குப் பணம் தருகிறார்கள், சிலர் ஓர் அதிகாரத்தை மொழிபெயர்த்துத் தருகிறார்கள்.

கேள்வி: உபயதாரராக ஒருவர் எந்த நூலைத் தேர்ந்தெடுப்பது நல்லது? (சேலம் வாசகர்)

பதில்: எல்லாரும் கேள்விப்பட்ட பெரிய நூல்களை விட்டுவிடலாம் என்பேன். தல்மூதுக்கு எப்போதும் ஆள் உண்டு. குடியேறிய நாட்டில், வருமானம் குறைந்த ஒரு ரபி தம் செலவில் இருநூறோ முந்நூறோ படிகள் அச்சிட்ட சொற்பொழிவுத் தொகுப்புக்கு யாரும் இல்லை. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் தொடங்கிய ஹீப்ருபுக்ஸ் என்ற மின்னூலகம் முதலில் கையில் எடுத்தது அப்படிப்பட்ட பழைய அமெரிக்க எபிரேய நூல்களைத்தான். பின்னர் விரிந்து இன்று 60,000 நூல்களைத் தாண்டி நிற்கிறது.

அந்த வகை நூல்களில் காலத்தால் முந்தியது 1860இல் நியூயார்க்கில் வெளிவந்த ‘அவ்னே யெஹோஷுவா’. தந்தையர் நெறி என்ற பழைய அறநூலுக்கு யோசுவா பால்க் என்பவர் எழுதிய உரை அது. அங்கே வாழ்ந்த அறிஞர் ஒருவர் எபிரேயத்தில் எழுதி அந்த மண்ணிலேயே அச்சான முதல் அறிவுநூல் என்பதால் அதற்குத் தனி இடம் உண்டு. நூலின் முடிவில் அச்சுக்கோத்தவரும் தம் பங்குக்குச் சில வரிகளைக் கோத்துச் சேர்த்திருக்கிறார். அமெரிக்காவில் இத்தகைய நூல்களில் முதலாவதற்கு எழுத்துக் கோக்கும் பேறு தமக்குக் கிடைத்ததற்காக அவர் இறைவனுக்கு நன்றி சொல்கிறார். இதுவும் கடைசித் தாளில்தான் இருக்கிறது.